கணிப்பொறிக்குள் ஒரு பூட்டு

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், இந்திய நேரப்படி காலை மணி 9.39. கணிப்பொறிப் பாதுகாப்புத் தொழிலில் ஈடுபட்டுள்ள கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் கணிப்பொறிகளுக்கு இணையம் வழியே ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதைப் பெற்றுக்கொண்ட விண்டோஸ் கணிப்பொறிகள் ஒவ்வொன்றாக நீலத் திரையைக் காட்டி நின்றுபோயின. மீண்டும் இயக்கினால் மீண்டும் நின்றன. விமானங்கள் புறப்படவில்லை. வங்கிகளில் வேலை தடைப்பட்டது. மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து அனுப்பினார்கள். 78 நிமிடங்களில் அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் நின்றுபோன கணிப்பொறிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 85 இலட்சம் என மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? புதிய கோப்பில் இருந்த விதி, 21ஆவது இடத்திலுள்ள விவரத்தைப் பார் என்றது. அதைப் படித்த நிரலிடம் இருந்தவையோ 20 விவரங்கள் மட்டுமே. 21ஆவது இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் படித்திருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. சோதிக்காமல் இல்லாத இடத்திலிருந்து எடுக்க முயன்றது; கணிப்பொறி நின்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நீங்கள் பயன்படுத்தும் ஒரு விளையாட்டு நிரலில் பிழை நேர்ந்தால் அந்த விளையாட்டு மட்டுமே நிற்கிறது, கணிப்பொறி நிற்பதில்லை. இந்த நிரலில் நேர்ந்த பிழை மட்டும் ஏன் கணிப்பொறி முழுவதையும் நிறுத்தியது? அது சாதாரண நிரல் அன்று. டிவைஸ் டிரைவர் எனப்படும் சாதன இயக்கி என்னும் வகையில், கணிப்பொறியின் கருப்பகுதிக்குள் அமர்ந்து வேலை செய்த நிரல். அந்த இடத்தில் அமரும் நிரல்கள் எத்தகைய ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

சாதன இயக்கி என்பது யாது?

விசைப்பலகை, வட்டு, அச்சுப்பொறி, காமிரா எனக் கணிப்பொறியோடு இணையும் சாதனங்கள் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசுகிறது. ஒரு வட்டுக்கு இன்ன எண்ணை இன்ன முகவரியில் எழுதினால்தான் படிக்கத் தொடங்கும். வேறொரு நிறுவனத்தின் வட்டுக்கு வேறு எண், வேறு முகவரி. நாம் எழுதும் நிரல்கள் இவை அனைத்தையும் அறிந்திருக்க முடியாது. ஆகவே ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க முறைமை, ஒவ்வொரு சாதனத்திற்கும் ஒரு துபாஷியை வைத்துக்கொள்கிறது. அந்தத் துபாஷிதான் சாதன இயக்கி. "இந்தக் கோப்பைப் படி" என்று நாம் சொல்வதைச் சாதனத்தின் மொழியில் சொல்லி, சாதனம் தரும் பதிலை நமக்குப் புரியுமாறு திருப்பித் தருவது அதன் வேலை.

கணிப்பொறியின் செயலிக்கு இரண்டு நிலைகள் உண்டு. சாதாரண நிலையில் ஓடும் நிரல், தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தை மட்டுமே தொடலாம்; எல்லையைத் தாண்டினால் செயலியே தடுத்து, இயக்க முறைமைக்குத் தகவல் தரும். மற்றது சலுகை நிலை. இயக்க முறைமையின் கருப்பகுதி இந்நிலையில் ஓடுகிறது. அது எந்த நினைவகத்தையும் தொடலாம். எந்தச் சாதனத்திற்கும் கட்டளையிடலாம். சாதன இயக்கிகளில் பெரும்பாலானவை இந்தச் சலுகை நிலையில்தான் ஓடுகின்றன. அங்கே பிழை நேர்ந்தால் கண்டிப்பதற்கு மேலே எவரும் இல்லை. கெட்டுப்போன நிலையில் தொடர்ந்து ஓடி, வட்டிலுள்ள கோப்புகளையும் கெடுத்துவிடுவதைக் காட்டிலும் நின்றுவிடுவதே மேல் என்று இயக்க முறைமை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரையின் பொருள் இதுவே.

லினக்ஸ் இயக்க முறைமையை ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கருப்பகுதியின் மற்ற நிரல்களைவிடச் சாதன இயக்கிகளில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டனர். இயக்கியை எழுதுவது ஏன் இவ்வளவு கடினம்? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, சாதனம் தன் விருப்பப்படி, எந்தக் கணத்திலும் குறுக்கிடும். மற்றொன்று, சாதனம் எந்தக் கணத்திலும் பழுதாகும். முதலாவதற்கு மருந்து பூட்டு. இரண்டாவதற்கு மருந்து பிழை கையாளுதல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

5 + 1 − 1 = 4?

விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்தியவுடன் அது செயலிக்கு ஒரு மின் குறிப்பை அனுப்புகிறது. இதனை இன்டரப்ட், அதாவது குறுக்கீடு என்பர். செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை விட்ட இடத்தில் நிறுத்தி, விசைப்பலகை இயக்கியின் குறுக்கீட்டுப் பகுதியை ஓட்டும். அது வந்த எழுத்தை ஒரு வரிசையில் சேர்த்து, வரிசையின் எண்ணிக்கையை 1 கூட்டும். பிறகு செயலி பழைய வேலைக்குத் திரும்பும். அதே இயக்கியின் மற்றொரு பகுதி, வரிசையிலிருந்து எழுத்தை எடுத்து நம் நிரலுக்குக் கொடுத்து, எண்ணிக்கையை 1 குறைக்கும். இதனை வழங்கும் பகுதி என்று அழைப்போம்.

எண்ணிக்கையைக் குறைப்பது ஒரே செயல்போலத் தோன்றினாலும் மூன்று படிகள் கொண்டது. நினைவகத்திலிருந்து எண்ணைப் படிக்க வேண்டும். செயலிக்குள் கழிக்க வேண்டும். நினைவகத்தில் திரும்ப எழுத வேண்டும். இப்போது வரிசையில் 5 எழுத்துகள் இருப்பதாகக் கொள்வோம்.

முதற்படி: வழங்கும் பகுதி எண்ணிக்கையைப் படிக்கிறது. அதன் கையில் 5.

இரண்டாம் படி: அதே கணத்தில் நீங்கள் ஒரு விசையை அழுத்துகிறீர்கள். குறுக்கீட்டுப் பகுதி ஓடுகிறது. அதுவும் 5 என்று படித்து, 1 கூட்டி, 6 என எழுதிவிட்டுப் போகிறது.

மூன்றாம் படி: வழங்கும் பகுதி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அதன் கையில் இருப்பது பழைய 5. அதில் 1 கழித்து, 4 என எழுதுகிறது.

ஒன்று வந்தது, ஒன்று போனது. ஆகவே 5 இருக்க வேண்டும். ஆனால் ஏட்டில் 4 என்று இருக்கிறது. ஓர் எழுத்து கணக்கில் வராமல் போயிற்று. இருவர் ஒரே இடத்திற்கு ஓடி, யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுவதால் இதனை ரேஸ், அதாவது பந்தயப் பிழை என்கிறார்கள்.

இப்பிழை எத்தனை அரிதானது என்று ஒரு கணக்குப் போடுவோம். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையேயுள்ள நேரம் 3 நானோ விநாடி என்றும், வழங்கும் பகுதி விநாடிக்கு 1,000 முறை இந்த வேலையைச் செய்கிறது என்றும் கொள்வோம். ஒரு விநாடியில் ஆபத்தான நேரம் மொத்தம் 3 மைக்ரோ விநாடி. ஏதோ ஒரு கணத்தில் அழுத்தப்படும் விசை இந்த இடைவெளிக்குள் விழும் வாய்ப்பு 10 இலட்சத்தில் 3. எழுதியவர் தம் மேசையில் பத்து நாள் சோதித்தாலும் இது அகப்படாமல் போகலாம். ஆனால் 85 இலட்சம் கணிப்பொறிகளில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு விசையை அழுத்தினால், ஏறத்தாழ 25 கணிப்பொறிகளில் பிழை நேர்ந்துவிடும்! சோதித்துப் பார்த்தோம், சரியாக ஓடியது என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இரயில் பாதையில் ஓர் இரும்புப் பந்து

இதற்குத் தீர்வு இரயில்வேக்காரர்கள் முன்பே கண்டதுதான். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் செல்லலாம். இந்திய இரயில்வேயின் ஒற்றைப் பாதைகள் பலவற்றில் இதற்காக டோக்கன் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. நிலைய அதிகாரியின் கருவியிலிருந்து வெளிவரும் ஓர் எஃகுப் பந்தை ஒரு பையில் இட்டு எஞ்சின் டிரைவரிடம் கொடுப்பார்கள். பந்து கையில் இருந்தால்தான் அந்தப் பாதையில் நுழையலாம். இரு நிலையக் கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டாவது பந்து எந்தப் பக்கத்திலும் வெளிவராது.

கணிப்பொறிக்குள் இந்தப் பந்தின் வேலையைச் செய்வதே லாக் எனப்படும் பூட்டு. எண்ணிக்கையைத் தொடும் முன் பூட்டைப் பெறு. மூன்று படிகளையும் முடி. பூட்டைத் திருப்பிக் கொடு. நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் இக்கருத்தைக் கணித முறைப்படி வகுத்தபோது, தம் கருவிக்கு செமஃபோர் என்று பெயரிட்டார். செமஃபோர் என்றால் இரயில்வே கைகாட்டி!

பூட்டு என்பது உண்மையில் நினைவகத்தில் உள்ள ஓர் எண். 0 என்றால் திறந்திருக்கிறது. 1 என்றால் பூட்டியிருக்கிறது. கூர்ந்து கவனிப்பவர் உடனே ஓர் ஐயத்தை எழுப்புவார். பூட்டைப் பார்ப்பது ஒரு படி, அதில் 1 என எழுதுவது மற்றொரு படி ஆயிற்றே. இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் 0 என்று பார்த்துவிட்டு, இரண்டுமே 1 என எழுதி உள்ளே நுழைந்துவிட்டால் என்ன செய்வது? நியாயமான ஐயம். நிரலாளர் மட்டும் நினைத்தால் இதை எளிதில் தீர்க்க முடியாது. செயலியை வடிவமைப்பவர் கைகொடுக்கிறார். பழைய எண்ணைப் படிப்பதையும் புதிய எண்ணை எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்து முடிக்கும் தனிக் கட்டளையை அவர் செயலியிலேயே அமைத்திருக்கிறார். அக்கட்டளை நடக்கும்போது வேறு எந்தச் செயலியும் அந்த இடத்தைத் தொட முடியாது. "1 என எழுதினேன், முன்பு அங்கே 0 இருந்தது" என்ற பதில் ஒரே ஒரு செயலிக்குத்தான் கிடைக்கும். அதுவே பூட்டைப் பெற்றது.

அப்படியானால் கருப்பகுதி முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டைப் போட்டுவிடலாமே? லினக்ஸில் அவ்வாறுதான் செய்தார்கள். 1996இல் வெளியான 2.0 பதிப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளைக் கையாள ஒரே பெரும் பூட்டை வைத்துக்கொண்டது. அது பாதுகாப்பானது, ஆனால் ஒரு செயலி உள்ளே இருக்கும்போது மற்றவை வாசலில் நின்றன. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பூட்டாகச் சிறிது சிறிதாகப் பிரித்தார்கள். பெரும் பூட்டு முற்றிலும் நீக்கப்பட்டது 2011இல்தான். எந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்பதைச் சரியாக அறிந்து பிரிப்பதற்கு 15 ஆண்டுகள் ஆயின.

சுற்றிக்கொண்டிருப்பதா, உறங்குவதா?

பூட்டு கிடைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, "திறந்ததா, திறந்ததா" என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. இது ஸ்பின் லாக் எனப்படும் சுழல் பூட்டு. மற்றொன்று, "திறந்ததும் எழுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு உறங்கிவிடுவது. செயலி அதற்குள் வேறு நிரலைக் கவனிக்கும். இது மியூட்டெக்ஸ் எனப்படும் உறங்கு பூட்டு.

எதை எங்கே பயன்படுத்துவது? நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4.17 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 100 கோடி துடிப்புள்ள செயலிக்கு இது 40 இலட்சம் துடிப்புகளுக்கும் மேல். வட்டுக்காகக் காத்திருப்பவர் பூட்டை வைத்திருக்கையில், மற்றவர் சுழல் பூட்டில் சுற்றிக்கொண்டிருந்தால் அத்தனை துடிப்பும் வீண். அங்கே உறங்குவதே அறிவுடைமை. மாறாக, ஓர் எண்ணைக் கூட்டி எழுதும் சில நானோ விநாடிகளுக்கு உறங்கி எழுவது, பக்கத்து அறைக்குப் போவதற்குப் படுக்கையைச் சுருட்டி எடுத்துப் போவது போலாகும். அங்கே சுழல் பூட்டே சிறந்தது.

ஆனால் விரைவைக் காட்டிலும் முக்கியமான ஒரு விதி இருக்கிறது. குறுக்கீட்டுப் பகுதி ஒருபோதும் உறங்கக் கூடாது. அது வேறொரு நிரலை இடைமறித்து நிற்கிறது. தனக்கென உறங்கி எழ ஓர் அடையாளம் அதற்கு இல்லை. எனவே அது சுழல் பூட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். இங்கேதான் இன்னொரு பள்ளம். வழங்கும் பகுதி சுழல் பூட்டைப் பெற்றுக்கொண்டு எண்ணிக்கையை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதே செயலியில் குறுக்கீடு வருகிறது. குறுக்கீட்டுப் பகுதி அதே பூட்டைக் கேட்டுச் சுற்றத் தொடங்குகிறது. பூட்டைத் திறக்க வேண்டியவரோ, குறுக்கீடு முடிந்தால்தான் ஓட முடியும். குறுக்கீடோ, பூட்டு திறந்தால்தான் முடியும். செயலி அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். இதைத் தவிர்க்க, குறுக்கீட்டுப் பகுதியோடு பகிர்ந்துகொள்ளும் பூட்டைப் பெறுமுன், அந்தச் செயலியில் குறுக்கீடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். பூட்டைத் திறந்தபின் மீண்டும் அனுமதிக்க வேண்டும்.

பேனாவும் மைக்கூடும்

பூட்டுகள் பலவானால் வேறொரு தொல்லை முளைக்கிறது. அண்ணனும் தம்பியும் எழுத வேண்டும். வீட்டில் ஒரு பேனா, ஒரு மைக்கூடு. அண்ணன் பேனாவை எடுத்துக்கொண்டு மைக்கூட்டுக்காகக் காத்திருக்கிறான். தம்பி மைக்கூட்டை எடுத்துக்கொண்டு பேனாவுக்காகக் காத்திருக்கிறான். இருவரும் பிடிவாதக்காரர்கள். பொழுது விடிந்தாலும் ஒருவரும் ஓரெழுத்தும் எழுதப்போவதில்லை. இதுவே டெட்லாக் எனப்படும் முட்டுக்கட்டை நிலை.

தீர்வு மிக எளிது. யாராக இருந்தாலும் முதலில் மைக்கூடு, பிறகுதான் பேனா என்று வீட்டில் ஒரு விதி செய்துவிட்டால் போதும். மைக்கூடு கிடைக்காதவன் பேனாவைத் தொடவே மாட்டான். ஆகவே மற்றவனுக்கு இரண்டும் கிடைத்துவிடும். பூட்டுகளுக்கும் இதே வரிசை ஒழுங்குதான். ஆயிரக்கணக்கான பூட்டுகள் உள்ள நிரலில் இந்த ஒழுங்கு எங்காவது மீறப்பட்டதா என்று மனிதர் தேடிக் காண்பது அரிது. ஆகவே 2006 முதல் லினக்ஸில் இதற்கென ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு பெறப்பட்டது என்று அது குறித்துக்கொண்டே வரும். ஒருமுறை அ, ஆ என்றும் மறுமுறை ஆ, அ என்றும் வரிசை மாறினால், முட்டுக்கட்டை உண்மையில் நேராவிட்டாலும், "நேரக்கூடும்" என்று எச்சரித்துவிடும்.

தவறினால் திரும்பி வரும் வழி

இனி இரண்டாவது மருந்தைப் பார்ப்போம். வட்டில் கீறல் விழுந்திருக்கலாம். இணைப்பை யாரேனும் பிடுங்கியிருக்கலாம். கேட்ட நினைவகம் கிடைக்காமல் போகலாம். நல்ல இயக்கி எந்தச் செயலையும் "நடந்திருக்கும்" என்று விட்டுவிடாது; நடந்ததா என்று கேட்கும். பதிலே வராவிட்டால் குறிப்பிட்ட நேரம் வரை பார்த்துவிட்டுக் கைவிடும், காலமெல்லாம் காத்திராது.

தவறு நேர்ந்தது தெரிந்தபின் என்ன செய்வது? ஓர் இயக்கி தன் வேலையை மூன்று படிகளில் தொடங்குவதாகக் கொள்வோம். முதலில் நினைவகம் பெறுகிறது. அடுத்து, சாதனத்தின் குறுக்கீடு தன்னிடம் வருமாறு பதிவுசெய்கிறது. மூன்றாவதாகச் சாதனத்தை எழுப்புகிறது. மூன்றாவது படி தவறிவிட்டது. அப்படியே "முடியவில்லை" என்று திரும்பிவிட்டால், பெற்ற நினைவகம் யாருக்கும் பயன்படாமல் வீணாகும். எனவே செய்தவற்றைக் குலைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதுவும் தலைகீழ் வரிசையில்: முதலில் குறுக்கீட்டுப் பதிவை நீக்க வேண்டும், பிறகே நினைவகத்தைத் திருப்பித் தர வேண்டும். ஏன்? நினைவகத்தை முதலில் கொடுத்துவிட்டால், அது அடுத்த நொடியே வேறொரு நிரலுக்குப் போய்விடலாம். அப்போது ஒரு குறுக்கீடு வந்தால், குறுக்கீட்டுப் பகுதி பழைய நினைப்பில் அந்த இடத்தில் எழுதி, அயலார் ஏட்டைக் கெடுத்துவிடும். மாடிக்கு ஏணி வைத்து ஏறியவன், இறங்கிய பிறகுதான் ஏணியை எடுக்க வேண்டும்.

பூட்டும் பிழையும் சந்திக்கும் இடம் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பூட்டைப் பெற்றபின், நடுவில் ஒரு தவறு நேர்ந்து, நிரல் குறுக்கு வழியாக வெளியேறுகிறது. அந்த வழியில் பூட்டைத் திறக்கும் வரி விட்டுப்போயிற்று. தவறு நேராத நாளெல்லாம் நிரல் சரியாகவே ஓடும். ஒரு நாள் வட்டில் சிறு பழுது. இயக்கி பூட்டோடு வெளியேறிவிடும். சாவியோடு ஊருக்குப் போனவரை எதிர்பார்ப்பதுபோல, அடுத்து வரும் நிரல்கள் அனைத்தும் திறக்காத கதவின் முன் நிற்கும். இதனால் அனுபவமுள்ள நிரலாளர்கள் எல்லாத் தவறு வழிகளையும் நிரலின் கடைசியில் ஒரே இடத்தில் கூட்டி, அங்கே பூட்டைத் திறந்தபின் வெளியேறுமாறு எழுதுகிறார்கள்.

தெராக்-25 சொல்லும் பாடம்

இவ்விரு ஒழுங்குகளும் தவறியபோது உயிர்கள் போயின. தெராக்-25 என்பது கனடா நாட்டு அரசு நிறுவனம் ஒன்று தயாரித்த புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி. எலெக்ட்ரான்களை 25 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கும் நேர்கோட்டு முடுக்கி அது. அதனை இரு விதமாகப் பயன்படுத்தலாம். எலெக்ட்ரான் கற்றையை மென்மையாகப் பரப்பி நேரே செலுத்துவது ஒரு முறை. எலெக்ட்ரான்களை ஓர் உலோக இலக்கின்மேல் மோதவிட்டு, வெளிவரும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவது மற்றொரு முறை. இலக்கும் அதையடுத்த வடிகட்டியும் பெரும்பகுதி ஆற்றலை விழுங்கிவிடுவதால், எக்ஸ் கதிர் முறையில் கற்றையின் மின்னோட்டம் ஏறத்தாழ 100 மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும். இலக்கையும் மற்றப் பாகங்களையும் ஒரு சுழல்மேடை தக்க இடத்திற்குக் கொண்டுவரும். இலக்கு இல்லாமல் 100 மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால் விளைவு என்ன என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

1986 மார்ச் 21ஆம் நாள் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில் அது நடந்தது. இயக்குபவர் எலெக்ட்ரான் முறைக்கு உரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்கு உரியதைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து விரைவாகத் திருத்தினார். கருவியின் மின்காந்தங்கள் நிலைபெற 8 விநாடிகள் ஆகும். அந்த 8 விநாடிகளுக்குள் திருத்தம் முடிந்துவிட்டது. விசைப்பலகையைக் கவனித்த நிரல்பகுதியும் கருவியை அமைத்த நிரல்பகுதியும் ஒரே நினைவகத்தைப் பூட்டு ஏதுமின்றிப் பகிர்ந்துகொண்டிருந்தன. சுழல்மேடை புதிய கட்டளைப்படி நின்றது. கற்றையோ பழைய கட்டளைப்படி பாய்ந்தது. நாம் கண்ட 5, 6, 4 கணக்கின் அதே கதை!

திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று மட்டும் வந்தது. பழுது 54 என்பதன் பொருள் இயக்குபவரின் கையேட்டில் விளக்கப்படவில்லை. 202 அலகு கொடுக்க வேண்டிய இடத்தில் 6 அலகே கொடுத்ததாகவும் திரை காட்டியது. இத்தகைய பழுதுகளின்போது ஒரு விசையைத் தட்டினால் கருவி தொடரும். அவர் தட்டினார், நோயாளிமேல் கற்றை மீண்டும் பாய்ந்தது. சாதாரணமாக ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 ராட் கதிர்வீச்சு தரப்படும். அவர் உடலின் சிறு பகுதியில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார். ஏப்ரல் 11ஆம் நாள் அதே மருத்துவமனையில் மற்றொருவருக்கும் அவ்வாறே நேர்ந்தது, அவரும் இறந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும்தான். அன்று எப்படித் தட்டினோம் என்று நினைவுகூர்ந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, வேகமாகத் திருத்தினால்தான் பழுது 54 வருகிறது என்பதை நிலைநாட்டினார்கள். 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் நேர்ந்த விபத்துக்கோ வேறொரு பிழை காரணம். சுழல்மேடையைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக ஓர் எண்ணை 1 என்று வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு சுற்றிலும் 1 கூட்டிக்கொண்டு வந்தார்கள். 8 பிட் உள்ள அந்த இடம் 255க்குப் பிறகு 0 ஆகிவிடும். 0 என்றால் சோதிக்க வேண்டாம் என்று பொருள். எனவே 256 சுற்றுக்கு ஒருமுறை சோதனை தவறியது. அந்தக் கணத்தில் ஒருவர் விசையை அழுத்தினார்.

1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை இக்கருவியால் நேர்ந்ததாக அறியப்பட்ட விபத்துகள் 6. இவற்றை விரிவாக ஆராய்ந்து நான்சி லெவிசன், கிளார்க் டர்னர் இருவரும் 1993இல் எழுதிய கட்டுரை இன்றும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. அதில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. டைலர் விபத்துகளுக்குக் காரணமான பிழை, முந்தைய கருவியான தெராக்-20இலும் இருந்தது. ஆனால் அதில் தவறான நிலையில் கற்றை பாயாமல் தடுக்கும் தனி மின் அமைப்புகள் இருந்தன. அங்கே இப்பிழை நேர்ந்தபோது ஃபியூஸ் போயிற்று, ஆள் பிழைத்தார். புதிய கருவியில், நிரலே பார்த்துக்கொள்ளும் என்று அந்தத் தடுப்புகளை நீக்கியிருந்தார்கள்.

மாணவர்களே! உங்களில் பலர் நாளை நிரல் எழுதப் போகிறீர்கள். எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் எழுதிவிடலாம். நடுவில் ஒருவர் குறுக்கிட்டால் என்ன ஆகும், ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வரியிலும் கேட்பவரே நல்ல நிரலாளர். அப்படிக் கேட்பதற்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் போதும்.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. கரும்பலகையில் 0 என்று எழுதியிருக்கிறது. இருவர் ஒவ்வொருவரும் பத்து முறை பலகையைப் பார்த்து, மனத்தில் 1 கூட்டி, பழையதை அழித்துப் புதிய எண்ணை எழுத வேண்டும். பூட்டு ஏதும் இல்லை. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரமும் தாமதிக்கலாம். ஒழுங்காக நடந்தால் கடைசியில் 20 வரும். மிக மோசமாக நடந்தால் வரக்கூடிய மிகச் சிறிய எண் எது? 10 என்று தோன்றும்; அது தவறு. விடை 2. எந்த வரிசையில் நடந்தால் 2 வரும் என்பதைப் படிப்படியாக எழுதிப் பாருங்கள்.